வணக்கத்தில் போன மூன்று நிமிடம்

என்னை டெல்லிக்கு அனுப்பிய அந்தப் போன் வந்தபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கட்சி ஆபீசிலிருந்து பேசுகிறோம் என்றார்கள். அங்கிருந்து எனக்குப் போன் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ கூட்டம், பெண்கள் வேண்டும். தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் வரைக்கும் எந்தத் தெருவில் யார் வருவார்கள், யார் வந்துவிட்டுப் பாதியில் எழுந்து போவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் அவர்கள் முழுசாகச் சொல்லும் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"எத்தினி வேனு சார் வோணும்?"

"வேன்லாம் வேணாம்மா. நீங்க மட்டும் வாங்க. நாளைக்குக் காலைல தலைவர் உங்களப் பாக்கணும்னாரு" என்றார்கள்.

என்மேல் ஏதோ புகார் போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராகப் போனேன். தலைவர் உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார்கள். "மேல்சபைக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். நான், "யாரு கூடங்கய்யா?" என்றேன். அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு விஷயம் புரிவதற்குள் காபி ஆறிவிட்டது.

இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன், யாராவது அவசரப்படுத்தினால் இரண்டும் வராது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்றவள். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஒரு தடவை கவுன்சிலராக இருந்தவள். கொடி பிடித்தது, போஸ்டருக்குப் பசை காய்ச்சியது, போலீஸ் வேனில் ஏறியது எல்லாம் வயசிருந்தபோது செய்தாயிற்று. அதற்கெல்லாம் கைம்மாறு கேட்டதில்லை. கொடுத்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

தெருவில்தான் பெரிய குழப்பம். மேல்சபைக்கு எம்.எல்.ஏ.க்கள்தான் ஓட்டுப் போடுவார்கள், ஜனங்கள் போடுவதில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

"அது எப்டிக்கா? எங்க வூட்ல ஒருத்தரும் ஓட்டே போடல. நீ எப்டி எம்.பி. ஆயிட்டே?" என்று எதிர்வீட்டுப் பெண் விடாமல் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டி ஓய்ந்தவர். வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை. "நீங்க போட்டிருந்தா ஆயிருக்க மாட்டா. அத்தொட்டுதான் உங்கள கேக்கவே இல்ல" என்றார்.

எல்லோரும் சால்வையும் பழமும் கொண்டு வந்தார்கள். என் கூட்டாளி மட்டும் வெறுங்கையோடு வந்தாள். மார்க்கெட்டில் எனக்குப் பக்கத்துக் கடை அவளுடையது. கடை என்றால் என்ன, ஆளுக்கொரு சாக்கு. செம்பாக்கம் ஏரிப் பக்கம் கீரை போடுகிறவர்களிடம் விடியலில் இரண்டு பேரும் சேர்ந்து வாங்குவோம், அரைக்கீரை அவளுக்கு, முளைக்கீரை எனக்கு என்று பிரித்துக்கொள்வோம், ஒருத்தி டீ குடிக்கப் போனால் இன்னொருத்தி இரண்டு சாக்கையும் பார்த்துக்கொள்வாள். கவுன்சிலர் ஆனதும் நான் வியாபாரத்தை விட்டேன். அவள் விடவில்லை. விட முடியாது. அவளுக்கு வேறு வருமானம் கிடையாது.

எங்கள் வீடுகள் தண்டவாளத்துக்குக் கிழக்கே. மார்க்கெட், ரேஷன் கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாம் மேற்கே. நடுவில் ஒரு கேட் இருந்தது. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம்தான். மின்சார ரயில், வெளியூர் ரயில், சரக்கு வண்டி என்று போய்க்கொண்டே இருக்கும், கேட் ஒரு நாளில் பாதிப் பொழுது மூடியே கிடக்கும். வண்டிகள் போவதற்குத் தள்ளி ஒரு மேம்பாலம் கட்டினார்கள். கட்டியதும் கேட்டை ஒரேயடியாக மூடிவிட்டார்கள். நடந்து போகிறவர்களுக்குச் சுரங்கப்பாதை வரும் என்றார்கள். தோண்டவும் தோண்டினார்கள். வேலை எடுத்தவர் பாதியில் போய்விட்டார். பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது, பாசி பிடித்தது, வாத்து ஒன்று எங்கிருந்தோ வந்து குடியேறியது. ஜனங்கள் பழையபடி தண்டவாளத்தின் மேலேயே நடந்தார்கள்.

என் கூட்டாளிக்கு முட்டி வளையாது. தலையில் கூடையோடு கம்பி வேலியின் சந்தில் நுழைந்து, ஜல்லியில் கால் வைத்து, நாலு தண்டவாளம் தாண்ட வேண்டும். ஒரு நாள் மின்சார ரயில் வளைவில் திரும்பிய சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. யாரோ கத்தினார்கள். கூடையை விட்டுவிட்டுப் பின்னால் விழுந்தாள். ரயில் போன பிறகு பார்த்தால் அரைக்கீரை பல்லாவரம் வரைக்கும் போயிருக்கும், அப்படிப் பறந்திருந்தது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். மறுநாள் காலையில் புதுக் கூடையோடு அதே வழியில் போனாள். போகாமல்?

அவள்தான் இப்போது என் வீட்டு நடுவில் நின்றுகொண்டு, மாலையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இந்தாடி. நீ அங்க போய் இன்னா வோணா பேசு, எத வோணா துன்னு. நம்ம கேட்டப் பத்திப் பேசாம மட்டும் வந்தே, உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"பேசறேன்டி."

"பேசறேன்னு சொம்மா சொல்லாத. எங்க எல்லாருக்கும் டிவில கேக்கணும்."

அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். அவள் தலையில் கூடை வைத்துப் பழகியவள், என் கை கனத்தைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

டெல்லி எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொல்வதுதான் பெரிய மனுஷத்தனம் போல, எல்லோரும் குளிர், தூசி, சப்பாத்தி என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படி இல்லை. கொடுத்த வீட்டுக்குப் பின்னால் வெறும் மண் கிடந்தது. ஊரிலிருந்து விதை கொண்டுபோய் முளைக்கீரை தூவினேன். நன்றாக வந்தது. அக்கம்பக்கத்து உறுப்பினர்கள் வீட்டுக்கெல்லாம் கட்டுக்கட்டாகக் கொடுத்தேன். அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவர்களுக்குப் புரியாது. கீரையைச் சமைப்பது எப்படி என்று கையாலேயே காட்டுவேன். ஒரு வடக்கத்தி அம்மா என் சைகையைப் பார்த்துவிட்டுத் தேங்காயைச் சுவரில் உடைத்தார்.

சபையில் தரை முழுக்கச் சிவப்புக் கம்பளம். பதவி ஏற்கும்போது தமிழில்தான் சொன்னேன். தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்பதற்காக அதை மனப்பாடம் செய்திருந்தேன். கையில் காகிதம் இருந்தது, பார்க்கவில்லை. தமிழில் பேசலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்னால் கண்ணாடி அறையில் ஒருவர் உட்கார்ந்து அதைப் பெயர்த்துச் சொல்வார், மற்றவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். இதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் கட்சி உறுப்பினர்களுக்கு அங்கே தலைவராக இருந்த வக்கீல். நல்ல மனிதர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, அவசரப் பிரச்சினை பேச காலைல ஒரு நேரம் இருக்கு. உங்களுக்கு மூணு நிமிஷம். அதுக்கு மேல மைக் தானா நின்னுடும். யாரு என்னன்னு பாக்காது" என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். மூன்று நிமிடம் எவ்வளவு நேரம் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மேடையில் நான் பேசாத பேச்சா? ஒரு தடவைகூட யாரும் எனக்கு மணி பார்த்ததில்லை.

என் பேர் பட்டியலில் வந்தது. ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மார்க்கெட்டில் மீன் கடைக்காரர் தன் போனிலேயே டிவியைப் போட்டு, அதை ஒரு தராசுத் தட்டில் சாய்த்து வைத்தாராம். கூட்டாளி வியாபாரத்தை நிறுத்திவிட்டு முன்னால் உட்கார்ந்தாளாம்.

அவைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, கும்பிட்டு, ஆரம்பித்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மேடைகளில் பேச்சு என்றால் முதலில் விளிப்புதான். தலைமை தாங்குகிறவர், முன்னிலை வகிப்பவர், வரவேற்புரை சொன்னவர், நன்றியுரை சொல்லப்போகிறவர், மேடையில் இருப்பவர், மேடைக்கு வந்துகொண்டிருப்பவர் என்று ஒவ்வொருவரையும் 'அவர்களே' போட்டுச் சொல்ல வேண்டும். மூப்பு, பதவி வரிசை மாறக் கூடாது. நான் கட்சியில் புதிதாக இருந்தபோது, சேலையூர்ப் பக்கம் ஒரு தெருமுனைக் கூட்டத்தில், வட்டச் செயலாளர் ஒருவரைச் சொல்ல மறந்துபோனேன். பிரச்சினையைப் பற்றி நான் நன்றாகப் பேசினேன் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அவரை விட்டது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அந்த மனிதர் என் பையன் கல்யாணத்துக்கு வரவில்லை. மொய்கூட அனுப்பவில்லை. அன்றிலிருந்து நான் ஒரு ஆளை விட்டதில்லை.

அதே மரியாதையைத்தான் அங்கேயும் செய்தேன். மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே என்றேன். எனக்கு இந்த வாய்ப்பைத் தந்த எங்கள் தலைவர் அவர்களே என்றேன். முன்வரிசை அமைச்சர்களே, எதிர்வரிசைத் தலைவர்களே, எங்கள் வக்கீல் அவர்களே, பல மாநிலங்களிலிருந்து வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, மேலே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் பத்திரிகைக்காரர்களே என்றேன். கண்ணாடி அறையில் என் பேச்சைப் பெயர்த்துக்கொண்டிருந்தவரையும் விடவில்லை. அவர் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ள வேண்டி வந்ததால் கொஞ்சம் தடுமாறினார். வக்கீல் திரும்பிப் பார்த்துக் கையைச் சுழற்றினார். நன்றாகப் போகிறது, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொல்கிறார் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். பிறகு மூச்சு வாங்கி, "எங்க ஊர்ல ஒரு கேட்டு" என்றேன்.

மைக் நின்றது. அதிலிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். பள்ளத்தைச் சொன்னேன், கூடையைச் சொன்னேன், முட்டியைச் சொன்னேன். என் பக்கத்து இருக்கைக்குக்கூடக் கேட்டிருக்காது. அவைத்தலைவர் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

கூட்டத்தொடர் முடிந்து ஊருக்கு வந்து, காய்கறி வாங்கலாம் என்று மார்க்கெட்டுக்குப் போனேன். போகாமல் இருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் ஒளிந்துகொள்கிற பொம்பளை இல்லை. நுழைந்ததுமே வெங்காயக் கடைக்காரர் எழுந்து கும்பிட்டார்.

"பெரிய வெங்காயம் அவர்களே! சின்ன வெங்காயம் அவர்களே! எங்கள் அன்புக்குரிய கத்திரிக்காய் அவர்களே!"

மார்க்கெட்டே சிரித்தது. மீன் கடைக்காரர், "இருய்யா, நன்றியுரை சொல்லப்போற நெத்திலிய வுட்டுட்டியே, கோச்சிக்கப் போவுது" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் கூட்டாளி சிரிக்கவில்லை. கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கட்டு அரைக்கீரை குடுடி" என்றேன்.

பக்கத்துக் கடைப் பெண்ணிடம், "கீர இல்லன்னு சொல்லு அந்தம்மாகிட்ட" என்றாள். அவள் முன்னால் குவிந்து கிடந்தது கீரை.

"இன்னாடி இது. இன்னொரு வாட்டி பேசினா போச்சு."

அப்போதும் பக்கத்துக் கடைப் பெண்ணிடம்தான் பேசினாள். "ஊர்ல கீற அத்தினி பேருக்கும் வணக்கம் வச்சாங்க. கண்ணாடி ரூம்ல கீறவனுக்குக்கூட வச்சாங்க. தண்டவாளத்துல நடக்கறவளுக்கு நேரம் இல்லாம பூட்ச்சுன்னு சொல்லு."

கீரை இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் என் வீட்டுக்காரர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "சோறு அவர்களே, ரசம் அவர்களே" என்று ஆரம்பித்தார். கரண்டியைக் காட்டியதும் நிறுத்தினார். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் அவரேதான் சொன்னார்.

"இந்தாமே. நீ பேசிப் பாரு. நான் மணி பாக்கறேன்."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் பயிற்சி. நான் ஜன்னலோரம் நின்று பேசுவேன், அவர் தன் பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். வணக்கமே சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று மேடையில் பேசியவர்களுக்குத்தான் தெரியும். செருப்புப் போட்டுக்கொண்டு அடுத்தவர் வீட்டுப் பூஜை அறைக்குள் போகிற மாதிரி இருக்கும். 'ஐயா' என்று ஆரம்பித்தால் நாக்கு தானாக 'மாண்புமிகு'வுக்குப் போகும். என் வீட்டுக்காரர் இளகிய மனசுக்காரர், "சரி, அவுரு ஒருத்தர மட்டும் சொல்லிக்கோ" என்பார். ஒருத்தர் நாலு பேர் ஆவார்கள்.

ஒரு மத்தியானம் கதவு திறந்தது. என் கூட்டாளி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"ஆரம்பிக்கச் சொல்லுண்ணா" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"ஐயா, மாண்பு..."

டங்!

"ஐயா, எங்கள்..."

டங்!

தெருவில் பாத்திரக்காரன் வந்துவிட்டானோ என்று எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். என் கூட்டாளி பத்து நாள் வந்திருப்பாள், ஒரு வார்த்தை என்னோடு பேசவில்லை, தட்டு மட்டும் பேசியது. கடைசியில் ஒரு தட்டு அடி இல்லாமல் நான் முழுசாகப் பேசி முடித்தேன். அவள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். தட்டு நசுங்கி, இப்போதும் சோறு போட்டால் ஆடும். நான் அதைத் தூக்கிப் போடவில்லை.

திரும்ப டெல்லிக்குப் போனால் சபை நடக்கவேயில்லை. ஒரு நாள் அவர்கள் கத்துவார்கள், ஒரு நாள் நாங்கள் கத்துவோம். கத்துவதில் நானும் குறைவைக்கவில்லை. மைக் இல்லாமலே என் குரல் கேட்கும் என்று வக்கீல் என்னை முன்னால் நிறுத்துவார். ஆனால் மனசு கேட்டில்தான் இருந்தது. பேச நேரம் கேட்டுத் தினமும் காலையில் எழுதிக் கொடுப்பேன், பேர் வராது. வந்தால் சபை ஒத்திப்போகும். இப்படியே ஒரு கூட்டத்தொடர் முழுக்கப் போனது. அடுத்ததிலும் பாதி போனது.

ஒரு நாள் என் பேர் வந்தது. மூன்றாவது. அன்றைக்குக் காலையில் வக்கீல் வந்து, "அக்கா, இன்னிக்கு வெளிநடப்பு. நான் எழுந்து ரெண்டு வார்த்தை பேசுவேன். எல்லாரும் என் பின்னாடியே வந்துடணும்" என்றார். எந்த விஷயத்துக்கு வெளிநடப்பு என்பது சத்தியமாக எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. அப்போது பெரிய விஷயமாகத்தான் இருந்தது.

"இன்னிக்கு என் பேரு கீது தம்பி."

"தெரியும்கா. என்ன பண்றது. தலைவர் உத்தரவு."

தலைவர் உத்தரவு என்றால் உத்தரவுதான். அவர் கொடுத்த நாற்காலி. அவர் வெளியே வரச் சொன்னால் வர வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் எவ்வளவு வேகமாக வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லையே.

"வரேன் தம்பி. பின்னாடியே வரேன். எனக்கு மட்டும் முட்டி கொஞ்சம் புடிச்சிக்கினு கீது. மெதுவாத்தான் நடக்க முடியும்" என்றேன்.

வக்கீல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முட்டியைப் பார்த்தார். "மெதுவாவே வாங்க" என்றார்.

அவர் எழுந்தார், பேசினார், எங்கள் ஆட்கள் முழக்கம் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். நானும் முழக்கம் போட்டுக்கொண்டே செருப்பைத் தேடினேன். ஒன்று கிடைத்தது, இன்னொன்றைக் காலாலேயே தள்ளிவிட்டுவிட்டேன், அதைத் தேடினேன். பையை எடுத்தேன், மூக்குக் கண்ணாடியை உள்ளே வைத்தேன், திரும்ப வெளியே எடுத்தேன். முதல் ஆள் பேசி முடித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தேன், முட்டியைத் தடவினேன், உட்கார்ந்தேன். என் கூட்டாளியின் முட்டியை அன்றைக்கு நான் கடன் வாங்கிக்கொண்டேன். இரண்டாவது ஆள் கொஞ்சம் நீட்டிவிட்டார். எனக்குத் தடவுவதற்கு முட்டியே மிச்சமில்லை. அப்போது அவைத்தலைவர் என் பேரைக் கூப்பிட்டார். எங்கள் வரிசையில் நான் ஒருத்திதான் இருந்தேன். வலி போய்விட்டது.

"ஐயா" என்றேன். காதில் டங் என்று கேட்டது, மேலே போனேன்.

"எங்க ஊர்ல ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பொழப்பு. நடுவுல இருந்த கேட்டை மூடினாங்க. ரயில் வேகமாப் போகணும், சரி. சுரங்கப்பாதை தோண்டினாங்க, பாதியில விட்டுட்டாங்க. பள்ளத்துல தண்ணி நிக்குது. ஜனங்க தண்டவாளத்துல நடக்கறாங்க. அதுல ஒருத்தி என் கூட்டாளி, கீரை விக்கறவ. அவளுக்கு முட்டி வளையாது. ஒரு நாள் ரயில் போன பிறகு பாத்தா, கூடை தண்டவாளத்துல கிடந்தது, அவ இந்தப் பக்கம் கிடந்தா. இன்னொரு நாள் ரெண்டும் தண்டவாளத்துலயே கிடக்கக் கூடாது. அதுக்குள்ள அந்த வேலைய முடிச்சுக் குடுங்க. இவ்வளவுதான்."

விளக்கு இன்னும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நேரம் மிச்சம். எத்தனை பேரை விளித்திருக்கலாம்! அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சொன்னதில் தனக்கும் சம்மதம் என்றால் மற்ற உறுப்பினர்கள் கை தூக்குவார்கள். தேங்காயைச் சுவரில் உடைத்த அம்மா முதலில் தூக்கினார். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், கீரை வாங்கினவர்கள், வாங்காதவர்கள் என்று பல கை உயர்ந்தது. ஒரே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எங்கள் கட்சியின் வெளிநடப்பை நான் தனியாக நடத்தி முடித்தேன். வெளியே வக்கீல் நின்றுகொண்டிருந்தார்.

"முட்டி எப்டிக்கா இருக்கு?"

"இப்ப பரவால்ல தம்பி" என்றேன்.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து போன் வந்தது. என் கூட்டாளி. "கேட்டேன்டி" என்றாள். வேறு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். அந்த 'டி'க்காகத்தான் நான் அவ்வளவு நாள் காத்திருந்தேன்.

பேசினதும் வேலை நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மந்திரியிடமிருந்து பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. நான் போய்ப் பார்த்தேன், திரும்பவும் போய்ப் பார்த்தேன். பொறியாளர்கள் வந்து பள்ளத்தைப் பார்த்தார்கள், வாத்தைப் பார்த்தார்கள். வேறு ஒருவர் வேலையை எடுத்தார். மழை வந்தது, நின்றது, சிமெண்ட் வந்தது. இதற்கு நடுவில் எம்.பி. நிதியில் மார்க்கெட்டில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டினேன், பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போகிற வழியில் பஸ்ஸுக்கு நிழற்குடை வைத்தேன். சுரங்கப்பாதைச் சுவருக்குப் பூச்சு நடந்துகொண்டிருந்தபோது என் பதவிக்காலம் முடிந்தது. இன்னொரு தடவை கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. டெல்லி வீட்டைக் காலி செய்யும்போது கீரைப் பாத்தியை மட்டும் பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சைகையில் ஒப்படைத்தேன்.

திறப்பு விழா அன்று பந்தல், மேடை, ஒலிபெருக்கி எல்லாம் தண்டவாளத்தின் கிழக்குப் பக்கம் போட்டிருந்தார்கள். அழைப்பிதழில் என் பேர் கடைசி வரிக்கு முந்தின வரியில் இருந்தது. மேடையில் இரண்டாவது வரிசையில் உட்காரவைத்தார்கள். வாசலில் ரிப்பன் கட்டி, ஒரு கத்திரிக்கோலைத் தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். வரவேற்புரை சொல்ல வந்தவர் விளிப்பை ஆரம்பித்தார். நல்ல குரல். வரிசை தப்பாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். வெயில் ஏறிக்கொண்டே போனது.

மேடைக்குக் கீழே, கயிற்றுக்கு அந்தப் பக்கம், என் கூட்டாளி தலையில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். கண்ணாலேயே என்னைக் கேட்டாள், இன்னும் எவ்வளவு நேரம் என்று. கையைக் காட்டினேன், பொறு என்று. கீரை வாட ஆரம்பித்திருந்தது. வரவேற்புரைக்காரர் மாவட்டத்தை முடித்து வட்டத்துக்கு வந்திருந்தார். அவள் ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, கயிற்றைத் தாண்டி, ரிப்பனுக்குக் கீழே குனிந்தாள். வளையாத முட்டியோடு எப்படித்தான் குனிந்தாளோ. உள்ளே போய்விட்டாள். எல்லோருடைய கண்ணும் மேடைமேல் இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

நான் எழுந்தேன். பக்கத்திலிருந்தவர், "இன்னாம்மா, இப்ப உங்க பேரு வரப் போவுது" என்றார்.

"முட்டி புடிச்சிக்கினு கீது. கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்றேன்.

சுரங்கத்துக்குள் சுண்ணாம்பு வாசனை, குளிர்ச்சி. நடுவில் போய் அவளைப் பிடித்தேன். மேலே ஒலிபெருக்கியில் என் பேர் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது. முன்னாள் மேல்சபை உறுப்பினர் அவர்களே!

"உன்னத்தான் கூப்புட்றாங்க" என்றாள்.

"கூப்புடட்டும். நீ நட."

இரண்டடி வைத்திருப்போம். தாம்பரம் பக்கமிருந்து ரயில் சத்தம். என் கூட்டாளி அப்படியே நின்றாள். ஒரு கையால் கூடையைப் பிடித்து, இன்னொரு கையால் என் தலைப்பை இறுக்கிப் பிடித்து இழுத்து, இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். இரண்டு பக்கமும் புதுசாக வெள்ளையடித்த சுவர். ரயில் எங்கள் தலைக்கு மேலே தடதடவென்று போனது. போய் முடிகிற வரைக்கும் நாங்கள் அசையவில்லை. பிறகு அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கூடை ஆட ஆட அவள் சிரித்தாள்.

"பூட்ச்சுடி" என்றாள். "வா, கட போட்டுரலாம். சாக்கு விரிக்க ஆள் வோணும்."

அந்தப் பக்கப் படியில் ஏறி மார்க்கெட்டுக்குப் போய், அவள் கூடையை இறக்க, நான் சாக்கை விரித்தேன்.